கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கவும்

ஜனவரி 11, ஞாயிறு

ஐஸ்லாந்தில் காற்று கார்க் கதவைப் பிய்த்துக்கொண்டு போய்விடுமாம். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். காற்றால் கதவு சேதமானால் எந்த இன்சூரன்ஸும் பொறுப்பேற்காது, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கவும்.

பதினாறு வருடமாக வாகன இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாடு முட்டிய கார், தென்னை மட்டை விழுந்த கார், கல்யாண ஊர்வலத்தில் வெடி வெடித்துக் கண்ணாடி போன கார், எல்லாவற்றின் போட்டோவும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. காற்று கதவைக் கொண்டுபோன கேஸ் ஒன்றுகூட வந்ததில்லை. படித்ததும் ஏனோ சந்தோஷமாக இருந்தது.

முடிவு செய்துவிட்டோம். ஏப்ரலில், ஆபீஸில் வருடக் கணக்கு முடிந்ததும் கிளம்புகிறோம். பனி கிடக்கும் சாலையில் நான் கார் ஓட்ட வேண்டும். சிலருக்குக் காசி, எனக்கு இது.

என் இடது கால் இரண்டு வயதில் போலியோவில் போனது. காலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தைக் காலில் மாட்டி, ஒரு ஊன்றுகோலோடு நடக்கிறேன். வலது காலும் சொன்ன பேச்சை முழுசாகக் கேட்காது. அதனால் என்னுடையது கையால் ஓட்டும் கார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு லீவர், இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். எட்டு வருடமாகத் திருச்சி முழுக்க அதில்தான் சுற்றுகிறேன்.

என் வீட்டுக்காரர் குலசேகரனுக்கு லைசன்ஸ் இருக்கிறது, ஓட்டத் தெரியாது. காலேஜ் முடித்த வருடம் டிரைவிங் ஸ்கூல் தயவில் எடுத்தது. அதே மாதம் மாமாவின் அம்பாசிடரை ஒரு கரும்புச்சாறு வண்டிமேல் ஏற்றிவிட்டார். யாருக்கும் அடியில்லை, இவருக்குப் பயம் மட்டும் தங்கிவிட்டது. கல்யாணமாகி மூன்று வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வருவார். இல்லாத பிரேக்கை மிதிப்பார்.

அப்படிப்பட்டவர் ஐஸ்லாந்துக்குச் சரி என்றது எப்படி என்று இன்னும் புரியவில்லை. ஆக, எந்தக் கார் என்பதுதான் இப்போது மொத்தக் கேள்வியும்.

ஜனவரி 13

முதல் கம்பெனி பதில் போட்டுவிட்டது. கையால் ஓட்டும் வண்டி இல்லையாம், டிரைவரோடு அனுப்பட்டுமா என்கிறார்கள். டிரைவரோடு போவதற்கு எனக்கு ஸ்ரீரங்கம் போதும்.

ஜனவரி 18, ஞாயிறு

இரண்டாவது கம்பெனியிடம் கையால் ஓட்டும் கார் இருக்கிறது. சின்னது, தாழ்வானது, முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். நகரத்துக்குள் சுற்ற உகந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நகரத்துக்குள் சுற்றவா அவ்வளவு தூரம்?

"பெரிய ஜீப்பா பாரு" என்கிறார் குலசேகரன். படத்தில் எல்லா ஜீப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. சீட் எவ்வளவு உயரம் என்று எவரும் எழுதுவதில்லை.

சாயங்காலம் கரூரிலிருந்து மங்கை அக்கா போன்.

"ஏண்டி தெய்வானை, குளிருல கை வெறைச்சுப்போச்சுன்னா எதால பிரேக்கு போடுவ?"

"கார்ல ஹீட்டர் இருக்குக்கா."

"ஹீட்டரு நின்னுபோச்சுன்னா?"

"இவரு கைய தேய்ச்சு விடுவாரு."

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"சரிங்கிறாரு."

"அவரு எல்லாத்துக்கும்தான் சரிம்பாரு" என்று வைத்துவிட்டாள். கை விறைப்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஹீட்டர் உள்ள ஸ்டீயரிங் கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று பைபாஸ் ரோட்டில் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனோம், வாங்குகிற ஆட்கள் மாதிரி. குலசேகரனின் கடை பெரிய கடை வீதியில் இருக்கிறது. பட்டன், ஜிப், லைனிங் துணி, தையல்காரர்களுக்கு வேண்டிய சகலமும். அங்கிருந்து ஒரு இஞ்சு டேப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

விற்பனைப் பையன் அவரையே சுற்றிச் சுற்றி வந்தான். "சார், டெஸ்ட் டிரைவ் போலாமா சார்?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா. மேடம்தான்."

அவன் என் காலைப் பார்த்தான், ஊன்றுகோலைப் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்தான்.

ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கினேன். முதுகைச் சீட்டில் சாய்த்து, கைகளை ஊன்றி எழும்பி உட்கார்ந்து, பிறகு காலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைப்பது என் முறை. ஏற முடிந்த வண்டிகளின் சீட் உயரத்தை இவர் அளந்து, கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டார். இருபத்தெட்டு அங்குலம் வரை நானாகவே ஏறிவிடுகிறேன். அதற்கு மேல் போனால் முடியவில்லை. கடைசியாக இருந்தது ஒரு பெரிய ஜீப். அதில் தொங்கியபடி நான் பாதியில் நின்றதும், பையன் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். நல்ல மனசு. நான் இறங்கிவிட்டேன்.

"எந்த வண்டி சார் பிடிச்சிருக்கு?" என்று கேட்டவனிடம் இவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "எல்லாமே நல்லாருக்குப்பா, அளவு எடுத்தாச்சு, துணி வாங்கிட்டு வர்றோம்" என்றார். ரோட்டுக்கு வந்ததும் சிரித்த சிரிப்பில் எனக்குக் காரை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 3

ஐஸ்லாந்தில் சிக்ரூன் என்று ஒரு பெண் சின்னதாக வாடகைக் கார்க் கொட்டகை நடத்துகிறாள். சீட் உயரம் கேட்டு நான் எழுதியதற்கு, "இதுவரை யாரும் கேட்டதில்லை, இப்போதே போய் அளக்கிறேன்" என்று பதில். ஒரு மணி நேரத்தில் போட்டோ வந்தது. காரின் பக்கத்தில் பனிக்குள் மண்டியிட்டு, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நடுத்தரக் கார், நான்கு சக்கரமும் இழுக்கும், டயரில் பனிக்கான ஆணிகள், கையால் ஓட்டும் லீவர். சீட் இருபத்தேழு அங்குலம்.

இதைவிடப் பொருத்தமாக எனக்கு மாப்பிள்ளைகூடப் பார்த்ததில்லை. உடனே பதிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 12

குலசேகரன் தினமும் காலை ஆறு மணிக்குக் காவிரிப் பாலத்தில் நடக்கப் போகிறார். குளிர் நாட்டுக்குப் போக உடம்பைத் தயார் செய்கிறாராம். சட்டை தொப்பலாக நனைந்து வருகிறது. ஆனால் கால் வலிக்கிறது என்று சொல்வதில்லை, தோள் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்க்கச் சொல்கிறார். கையை ரொம்ப வீசி நடக்கிறார் போல.

பிப்ரவரி 22, ஞாயிறு

அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். என் காரில் லீவர் வலக்கைக்கு, அங்கே இடக்கைக்கு. எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல மாறிவிடும். அதனால் சோபாவில் உட்கார்ந்து இடக்கையில் பூரிக்கட்டை, வலக்கையில் எவர்சில்வர் தட்டு என்று பழகுகிறேன். தள்ளினால் பிரேக். இழுத்தால் வேகம். இவர் எதிரே நின்று மாடாகவும் லாரியாகவும் மாறி மாறிக் குறுக்கே வருகிறார். இரண்டு முறை மாட்டை இடித்துவிட்டேன்.

சாப்பிடும்போது, "ஆட்டோமேட்டிக் வண்டில கியரே இல்லன்னா இறக்கத்துல என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். "அதையெல்லாம் நான் பாத்துக்குவேன்" என்றேன். இவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

மார்ச் 8

பனியில் சறுக்கும் கார்களின் வீடியோ பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

மார்ச் 31

வருடக் கணக்கு. எழுத நேரமில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மூட்டை கட்டியாயிற்று. காலிப்பருக்கு மேல் போட ஜிப் வைத்த பேண்ட் எங்கும் கிடைக்கவில்லை. இவரே கம்பளித் துணி வாங்கி, கடைக்கு வரும் தையல்காரரிடம் கொடுத்து, பக்கவாட்டில் முழு நீளத்துக்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். போட்டுப் பார்த்தேன். திருச்சி வெயிலில் வெந்துவிட்டேன். அழகாக இருக்கிறது.

அக்கா ஒரு பாட்டில் பூண்டு ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

ஏப்ரல் 9, வியாழன்

நேற்று வந்து சேர்ந்தோம். இன்று காலை சிக்ரூனின் கொட்டகை. ஐம்பது வயதிருக்கும், ஆரஞ்சு நிற ஓவர்ஆல், கையில் கிரீஸ். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். அப்படியே காதருகே, "ஒரு கெட்ட செய்தி" என்றாள்.

நான் பதிவு செய்த காரை முன்னால் எடுத்துப் போனவர்கள் கிழக்கே எங்கோ மாட்டிக்கொண்டார்கள். சாலையை மூடிவிட்டார்களாம். திரும்பி வர நாலு நாள் ஆகலாம்.

கொட்டகையில் லீவர் வைத்த வண்டி இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு நிறத்தில் சின்னக் கார். "இதை எடுத்துக்கொண்டு நீங்கள் எழுதிய மலைக் கணவாய்க்குப் போனால், உங்களை இழுத்துவர நான்தான் வர வேண்டியிருக்கும்" என்றாள். இன்னொன்று ராட்சச ஜீப். எந்தப் பனியிலும் போகும். அதன் சீட் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"இதையே எடுத்துக்கலாம் தெய்வா" என்றார் குலசேகரன். "நான் தூக்கி உக்கார வைக்கிறேன், என்ன இப்ப?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

மனசாரத்தான் சொன்னார். தூக்கவும் தூக்குவார். ஆனால் வழியில் ஒரு குதிரையைப் பார்த்தால், ஒரு கல்லைப் பார்த்தால், இறங்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் இவரிடம் கேட்க வேண்டும். முதல் நாள் கேட்பேன். இரண்டாம் நாள் யோசிப்பேன். மூன்றாம் நாள் எனக்கு இறங்கவே தோன்றாது. என்னை எனக்குத் தெரியும்.

"வேண்டாம்" என்றேன். "கார் வரும்வரை காத்திருக்கிறோம்." சொல்லும்போதே பயணத்தில் பாதி போயிற்று என்று தெரிந்தது.

சிக்ரூன் என்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போனாள். சேற்று நிறத்தில், நீளமாக, நம் ஊர்ச் சவ வண்டி போல ஒரு பழைய ஸ்டேஷன் வேகனை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய சொந்த வண்டி. "இது வாடகைக்கு இல்லை, அதனால்தான் பட்டியலில் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும். ஆணி டயர் இன்னும் கழற்றவில்லை. பதினான்கு குளிர்காலம் பார்த்திருக்கிறது. பின்னால் நாய் முடி இருக்கும், மன்னிக்க வேண்டும்."

குலசேகரன் பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தார். இருபத்துநாலு அங்குலம்.

ஏறி உட்கார்ந்தேன். ஒரே மூச்சில், யாரும் கை கொடுக்காமல். பழைய கம்பளி வாசனை. முன்கண்ணாடி வழியே வானம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

சிவப்புக் காரிலிருந்து லீவரைக் கழற்றி இதில் மாட்ட அவளுக்கு மதியம் வரை ஆயிற்று. காலடிப் பெடல்களை மறைத்துத் தகடு போடவா என்று கேட்டாள். தெரியாமல் கால் பட்டுவிடாமல் இருக்க அப்படிச் செய்வது வழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் குலசேகரன், "வேண்டாம், வேண்டாம்" என்றார். இவருக்கு என்ன தெரியும் என்று பதில் சொன்னார்? ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநர் என்று தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டியை நகர்த்த வேண்டிவந்தால் வேண்டுமே என்கிறார். நகர்த்த யாருக்குத் தெரியும்? இருந்தாலும் பெயர் இருப்பது நல்லதுதான். பெயர் இல்லாதவர் தொட்டால் இன்சூரன்ஸ் செல்லாது.

ஏப்ரல் 10

ஓட்டினேன்.

ஓட்டினேன், ஓட்டினேன், ஓட்டினேன். கை வலிக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். கிளம்பி வெகுநேரம் வரை, திரும்ப வேண்டிய இடத்தில் எல்லாம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டேன். வெயில் அடிக்கும்போது வைப்பர் ஆட்டிக்கொண்டு திரும்பும் சேற்று நிற வண்டியைப் பார்த்து எதிரே வந்தவர்கள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன். இடக்கை லீவர் பூரிக்கட்டையைவிட இலகுவாக இருக்கிறது.

மரமே இல்லை. ஒரு பக்கம் கறுப்பு மலை, மறுபக்கம் கடல். காற்று வண்டியைத் தோளால் இடிப்பது போல இடிக்கிறது. நிறுத்தும்போது மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்து நிறுத்து என்று சிக்ரூன் சொல்லியிருந்தாள். அப்படியும் இவர் முதலில் இறங்கிச் சுற்றி வந்து என் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், யாரோ திருட வருவது போல.

முதல் பனியைப் பார்த்ததும் இறங்கினேன். தொட்டேன். மறுபடி ஏறி, அடுத்த வளைவில் மறுபடி இறங்கினேன். எத்தனை முறை என்று கணக்கில்லை. இவர் ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 11, சனி

காலையில் ஒரு நீளமான இறக்கம், பளபளவென்று ஐஸ். நான் ஏற்கனவே வேகத்தைக் குறைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் திடீரென்று, "கீழ் கியருக்கு மாத்து தெய்வா, பிரேக்க அமுக்காத, எஞ்சினே இழுத்துப் பிடிக்கும்" என்றார்.

மாற்றினேன். கீழே வந்து ஓரமாக நிறுத்தினேன்.

"எஞ்சின் இழுத்துப் பிடிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

கைப்பிடியை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். "பொன்மலை மைதானத்துல ஒருத்தர்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். ரெண்டு மாசமா."

"அப்ப காவிரிப் பாலம்?"

"போகவே இல்ல."

"எதுக்குக் கத்துக்கிட்டீங்க?"

"தெய்வா, அது வந்து..."

"வேணாம். சொல்ல வேணாம். எனக்குப் புரிஞ்சிருச்சு."

பிறகு நேராக விடுதிக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆபத்தான சாலையில் மாற்று ஓட்டுநர் ஒருவர் தயாராக இருப்பது நல்ல ஏற்பாடு. என் மேஜைக்கு இப்படி ஒரு கேஸ் வந்தால் நானே பாராட்டியிருப்பேன்.

ஏப்ரல் 12

வானிலை தெளிவு. சாலை சுமார். மீன் சூப் நன்றாக இருந்தது. எங்கும் இறங்கவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் விடுதியில் ரொட்டிக்குப் பூண்டு ஊறுகாய் தொட்டுக்கொண்டிருந்தோம். குலசேகரன் ஊறுகாய் பாட்டிலை மூடி, அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒன்ன நம்பாம நான் கத்துக்கிட்டேன்னு நெனைக்கிற."

நான் ரொட்டியைப் பிய்த்தேன்.

"போன வருஷம் கொடைக்கானல் போனோம்ல. திரும்பி வந்து நான் ஒரு வாரம் மேகம், அருவின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒன்கிட்ட ஒங்கக்கா எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டாங்க. நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"முன்னாடி போன கேஸ் சிலிண்டர் லாரிக்கு பிரேக் லைட்டு எரியலன்னு சொன்ன."

எரியவில்லைதான். இரண்டுமே.

"மூணு வருஷமா நீ ஓட்டுற, நான் வேடிக்கை பாக்குறேன். நீ ரோட்ட மட்டும்தான் பாக்குற. இம்புட்டு தூரம் வந்தும் ரோட்டையே பாத்துட்டுப் போகப் போறியா? காவாசி தூரமாச்சும் நான் ஓட்டுனா நீ ஜன்னல்பக்கம் திரும்பலாம்ல. மலையெல்லாம் என்னால முடியாது. நேர் ரோடு, யாரும் இல்லாத ரோடு, அதுல மெதுவா ஓட்டுவேன். எனக்குப் பயம் போகல."

பாட்டிலின் மூடியை இன்னும் இறுக்கினார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"கத்துக்க முடியாமப் போயிருச்சுன்னா? மூணு தடவ அந்த ஆளு வேலையே வேணாம்னு எறங்கிப் போயிட்டாரு."

ஊறுகாய் பாட்டிலை வாங்கி மறுபடி திறந்தேன். இன்னொரு ரொட்டி சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு மேல் கடலோரமாக ஒரு நேர் சாலை வந்தது. நிறுத்தி, இடம் மாறினோம். லீவர் அதுபாட்டுக்கு ஓரமாகக் கிடக்க, இவர் காலால் பெடலை மிதித்து ஓட்டினார். முப்பதைத் தாண்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் போல. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

தண்ணீரில் அன்னங்கள், நாற்பது ஐம்பது இருக்கும். பஸ் ஸ்டாப் அளவே உள்ள ஒரு மாதா கோவில், சிவப்புக் கூரை. முகத்தில் முடி விழுந்த குட்டைக் குதிரைகள் எங்களோடு வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தே வந்து, எங்களை முந்திப்போயின. ஒரு மலை முழுக்கச் சின்னச் சின்ன அருவிகள், பாதி உறைந்து, பாதி ஓடிக்கொண்டு. கொடியில் காயப்போட்ட சட்டைகள் காற்றில் படுத்துக்கிடந்தன. "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று கத்திக்கொண்டே வந்தேன். "நான் பாக்கக் கூடாது, நீ சொல்லு" என்றார். சொன்னேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன். கண்ணாடியில் அடிக்கடி ஆவி படிந்தது, துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

பின்னால் பால் லாரி ஒன்று வந்தது. பொறுமையாக ரொம்ப நேரம் பின்தொடர்ந்தது. இவர் வைப்பரைப் போட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அந்த ஒரு கணம் மட்டும் நான் காலால் தரையை அழுத்தினேன். இந்த விஷயத்தில் என் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஏப்ரல் 14, செவ்வாய், சித்திரை ஒன்று

காலையில் சாலை வரைபடத்தைப் பார்த்தோம். இங்கே போனிலேயே எல்லாச் சாலைக்கும் நிறம் போட்டுக் காட்டுகிறார்கள். நீலம் வழுக்கல், வெள்ளை பனி, சிவப்பு மூடல். நாங்கள் கடக்க வேண்டிய கணவாய் நீலமாக இருந்தது. "பிற்பகலில் காற்று வரும், போவதானால் இப்போதே போங்கள், இல்லையென்றால் இரண்டு நாள் தங்குங்கள்" என்றார் விடுதிக்காரர்.

குலசேகரன் என்னைப் பார்த்தார். "ஒன் இஷ்டம்."

"போலாம்."

ஏறினோம். பாதி மலையில் நீலம் வெள்ளையாகிவிட்டது. சாலை எது, சரிவு எது என்று தெரியவில்லை. ஆணி டயர் பொரியை மிதிப்பது போல நொறுநொறுவென்று ஓசையிட்டது. சாலையின் இரண்டு ஓரமும் மஞ்சள் கம்பு நட்டிருக்கிறார்கள், அது ஒன்றுதான் வழி. பனி பறக்கும்போது அதுவும் மறைகிறது.

"மஞ்சக் கம்பு" என்றார் இவர். முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, "அடுத்த மஞ்சக் கம்பு. வலது பக்கம் லேசா வளையுது. அடுத்தது." மலை முழுக்க இப்படியே சொல்லிக்கொண்டு வந்தார், ஒரு கம்பைக்கூட விடாமல். நான் கம்புக்குக் கம்பு ஓட்டினேன்.

உச்சியில் ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் மெல்ல வெளியே போக ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல். எனக்கு வந்த போட்டோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. கை லீவரைத் தள்ளப் பார்த்தது. தள்ளவில்லை. வேகத்தை மட்டும் விட்டேன், ஸ்டீயரிங்கைப் போகிற பக்கமே கொஞ்சம் கொடுத்தேன். நாலு சக்கரமும் எங்கேயோ பிடித்துக்கொண்டன. சேற்று நிற வண்டி ஒருமுறை சிலிர்த்துவிட்டு நேராயிற்று.

"மஞ்சக் கம்பு" என்றார் குலசேகரன், குரல் மட்டும் வேறு யாருடையதோ போல.

இறங்க இறங்க மேகம் கிழிந்தது. கீழே கடல், கரையில் ஒரு கைப்பிடி வீடுகள், படகுகள். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியதும் நான் சிரிக்க ஆரம்பித்தேன். இவரும் சிரித்தார். அக்கா போனில், "வேப்பம்பூ பச்சடி வச்சேன், இங்க வெயிலு கொளுத்துது, நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள். "ஒரு மலையத் தாண்டுனோம்க்கா" என்றேன். "சாப்ட்டீங்களாடி?" என்றாள்.

இந்த ஊரில் திறந்தவெளியில் வெந்நீர்க் குளம் இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து வரும் சூடு. நான் போட்டிருந்த கம்பளி, காலிப்பர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்ச் சரிவில் அப்படியே இறக்கிவிட்டாள். குளிர் முகத்தை அறைந்தது. அடுத்த நொடி வெந்நீர் என்னை வாங்கிக்கொண்டது.

தண்ணீருக்குள் என் இடது கால் தானாக மிதந்து மேலே வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தக் கனமும் இல்லை. நீச்சல் தெரியாத குலசேகரன் ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி தொடை ஆழத்தில் நின்றார். நான் நகர்ந்து நகர்ந்து குளத்தின் நடுவே போய்விட்டேன். பனி விழ ஆரம்பித்தது. இவர் தலை முழுக்க வெள்ளை.

"கெழவனாயிட்டீங்க" என்று கத்தினேன்.

"நீ மட்டும் என்னவாம்" என்று கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். மலைச் சாலையை மூடிவிட்டார்களாம். நாங்கள்தான் கடைசியாக வந்த வண்டியாம்.

"எப்ப தொறப்பாங்கன்னு கேளு" என்றார் இவர்.

கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

"நாளைக்கு இல்லையாம். நாளன்னிக்கும் சந்தேகந்தானாம்."

குலசேகரன் யோசித்தார். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றதையும் எடுத்துவிட்டு, தண்ணீருக்குள் என் பக்கம் நடந்து வந்தார்.

அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. விரல்களெல்லாம் ஊறிச் சுருங்கிக் கிடக்கின்றன, பேனா கையில் நிற்க மாட்டேன் என்கிறது.